எல்லாருக்கும் இருபது

2021 அக்டோபர் 4. சேர்க்கைக் கட்டணம்: 60,000.
2021 அக்டோபர் 11. சீருடை இரண்டு, வெள்ளைக் காலணி ஒரு ஜோடி, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம்: 4,350.
2022 அக்டோபர் 3. இரண்டாம் ஆண்டுக் கட்டணம்: 60,000.
2023 அக்டோபர் 5. மூன்றாம் ஆண்டுக் கட்டணம்: 65,000.
2024 பிப்ரவரி 9. செல்பேசி, ஒருவர் பயன்படுத்தியது: 7,200.
2024 ஜூன் 21. காணொளி. செலவு இல்லை.

ஒரு பெண்ணின் படிப்புக்கு ஆன செலவுக் கணக்கு இவ்வளவுதான். கடைசி வரியில் செலவு இல்லை என்று இருப்பது அந்தத் தேதிக்குச் சரி.

அவளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். பள்ளிக்கூடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அப்பா லிப்ட் பழுதுபார்க்கிறவர். நாளெல்லாம் அடுத்தவர் கட்டடத்தில் தொங்கிவிட்டு வீடு வந்தால் பேசத் தெம்பு இருக்காது. அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் உதட்டில் நாலு குண்டூசியாவது இருக்கும். அவராலும் பேச முடியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து மகள் பேசினாள். யாரைப் பார்த்தாலும் அடுத்த நிமிஷம் அவராக மாறிக் காட்டுவாள். வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்து, கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவதை அவள் நடித்துக் காட்டினால், அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

செவிலியர் படிப்புக்கு அவள் வந்ததும் அந்த வாயால்தான். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது துணைக்கு இருந்தவள், வார்டு முழுவதையும் சிரிக்க வைத்தாள். தையல் பிரிஞ்சிடும்டி, சும்மா இரு என்று நோயாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். ஊசி போட வந்த நர்ஸ், "நீ எங்க வேலைக்கு வந்துடு. பாதி மாத்திரை மிச்சம்" என்றாள். அந்த நர்ஸ் பேச்சுக்குச் சொன்னது. இவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வருஷ வகுப்பில் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். உடல் சூடு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. நாலையும் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் கருவியோ விரலோ பதில் சொல்லிவிடும். மூச்சு அப்படி இல்லை. நோயாளிக்குத் தெரியாமல், அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும்.

கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில், மூன்றாம் மாடியில், பெண்கள் பொது வார்டு. அங்கே முதல் நாள் அவள் வகுப்பில் சொன்னபடியே செய்தாள். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சைப் பார்த்து, மனசுக்குள் எண்ணினாள். ஐந்தாவது கட்டிலுக்குப் போவதற்குள் வார்டு சிஸ்டர் பின்னால் வந்து நின்றார். அந்த வார்டு அவர் கைக்கு வந்து எத்தனையோ வருஷம்.

"என்னடி, அவங்க நெஞ்சையே பாத்துட்டு நிக்கற? அங்க என்ன படமா ஓடுது?"

"மூச்சு எண்றேன் சிஸ்டர்."

"எண்ணு, நல்லா எண்ணு. முப்பத்திரண்டு கட்டிலையும் நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள டாக்டர் ரவுண்ட்ஸ் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பார்."

அவர் பொல்லாதவர் இல்லை. முப்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று அவர் கேட்காத அதிகாரி கிடையாது. ஆள் வரவில்லை. அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மட்டும் டாக்டர் வார்டு அதிரக் கத்துவார். எனவே கட்டம் நிரம்பியது. இருபது என்று எழுது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. முந்தின ஆள் எழுதியதைப் பார்த்து அடுத்த ஆள் எழுதினாள். இருபது என்பது யாருக்கும் சந்தேகம் வராத எண். கண்ணால் பார்த்தாலே இரைக்கிறது என்று தெரிகிறவர்களை மட்டும் எண்ணினார்கள். மற்ற எல்லாருக்கும் இருபது. வாயாடியும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். விநாடி முள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம், செல்பேசியில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். சீருடையில் படம் கூடாது. நோயாளியின் முகம், பெயர், அட்டை கூடாது. வார்டில் எடுக்கக் கூடாது. மருத்துவமனை பெயரை எழுதக் கூடாது. வாயாடி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஏனென்றால் அவளுக்குப் போட வேண்டியது நிறைய இருந்தது.

ஜூன் 21 சாயங்காலம் விடுதி மொட்டை மாடியில், காய்ந்த துணிகளுக்கு நடுவே, சாதாரண உடையில் நின்றாள். நோயாளியின் இடத்தில் ஒரு தலையணை. செல்பேசியைப் பிடித்தது அவளுடைய அறைத்தோழி தூங்குமூஞ்சி. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு முழு விழிப்பில் இருந்தாள். வாயாடி இடுப்பில் கை வைத்து, பல வருஷம் சர்வீஸ் ஆன சீனியராக மாறினாள்.

"வாம்மா ஜூனியர். சூடு பாத்தியா? தெர்மாமீட்டர் சொல்லிடும். நாடி? வெரல் சொல்லிடும். பிரஷர்? மெஷின் சொல்லிடும். மூச்சு? அத யாரும் சொல்ல மாட்டாங்க, நாமளேதான் சொல்லிக்கணும். மேல என்ன எழுதியிருக்கு? இருபது. அதுக்கு மேல? இருபது. அதுக்கும் மேல? இருபது. மொதமொதல்ல எழுதினவங்க யாரு? அவங்க ரிட்டயர் ஆகி பேரன் பேத்தி எடுத்தாச்சு. எழுதும்மா, இருபது."

பிறகு தலையணையைத் தூக்கி, அதன் நெற்றி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொடுத்தாள். "இவங்களுக்கா? இவங்களுக்கும் இருபதுதான். ரொம்ப ஸ்டெடியா இருக்காங்க."

தூங்குமூஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது காணொளியில் நன்றாகக் கேட்டது. முகம் இல்லை, பெயர் இல்லை, வார்டு இல்லை, சீருடை இல்லை. சொல்லிக்கொடுத்த விதி ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

இரண்டே நாளில் அதை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எங்கெங்கோ இருந்த நர்ஸுகள், "எங்க வார்டுல பதினெட்டு" என்றும், "இதெல்லாம் வெளிய சொல்லலாமாடி" என்றும் எழுதினார்கள். கூடப் படிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "நம்ம சிஸ்டர் அப்படியே", "பொம்பளைங்க வார்டு, மூணாவது மாடி, வாழ்க" என்று கீழே வரிசையாகப் போட்டார்கள். அவள் மறைத்ததை எல்லாம் அவர்கள் அன்போடு எழுதி வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மேஜையின்மேல் இரண்டு தாள் இருந்தன. ஒன்று புகார். மூன்றாம் மாடி பெண்கள் வார்டில் பத்து நாள் கிடந்து ஜூன் 2 அன்று இறந்துபோன ஓர் அம்மாவின் மகன் எழுதியது. என் தாயாரின் மூச்சை எண்ணினார்களா, எண்ணவில்லையா, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதுதான் மொத்தப் புகாரும். அடுத்த தாள் அவளுக்காகவே தட்டச்சு செய்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"படி" என்றார் பிரின்சிபால்.

நடக்காத ஒன்றை, பிறரைச் சிரிக்க வைப்பதற்காக நான் கற்பனையாகச் சொன்னேன் என்று இருந்தது.

"மேடம், நான் ரூல் எதையும் மீறல."

"தெரியும். ரூல்ல இல்லாதத செஞ்சிருக்க. அதனாலதான் இவ்ளோ பெரிசாச்சு. இதுல கையெழுத்து போட்டா ரெண்டு வாரம் சஸ்பென்ஷன். செப்டம்பர் பரீட்சை எழுதலாம். போடலன்னா கவுன்சிலுக்குப் போகும்."

கவுன்சில் என்பது செவிலியர்களைப் பதிவு செய்யும் மன்றம். அங்கே பெயர் ஏறாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடையாது.

"மேடம், ஆனா அது..."

"இரு. அது நெசமாவே நடக்கறதான்னு நான் உன்ன கேக்கல. கவனிச்சியா? நான் கேக்கவே இல்ல."

ஜூலை 9 அன்று விசாரணைக் குழு. அதற்குள் கையெழுத்து வேண்டும். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் வாயாடிக்குத் தன் நிலைமை முழுசாக உறைத்தது. கையெழுத்துப் போட்டால், சொன்ன உண்மையைப் பொய் என்று சொல்ல வேண்டும். புகார் எழுதிய மகனுக்கு இருக்கும் ஒரே ஆதாரத்தை அவளே கிழித்துப் போட்டதாகும். போடாமல் உண்மை என்று நின்றால், எண்ணாமல் எழுதிய குற்றவாளிகளில் முதல் ஆள் அவளே. இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர்.

மறுநாள் வார்டு சிஸ்டர் அவளைத் துணி அறைக்கு அழைத்துப் போனார். சலவைக்குப் போய் வந்த படுக்கை விரிப்புகள் மலைபோல் கிடந்தன. ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவளிடம் கொடுத்து, இரண்டு முனையைத் தான் பிடித்தார். மடித்துக்கொண்டே பேசினார்.

"என்னை மாதிரியே பண்ணினியாமே. என் மருமக காட்டினா. இடுப்புல கை வைக்கறது சரியாத்தான் இருந்துச்சு."

"சாரி சிஸ்டர்."

"செப்டம்பர் முப்பது எனக்குக் கடைசி நாள். அதுக்குள்ள என் மேல ஒரு விசாரணைன்னு வந்தா பென்ஷன் நின்னுடும். ஆள் குடு, ஆள் குடுன்னு நான் எழுதின கடுதாசிய அடுக்கினா இந்த விரிப்பு ஒசரம் வரும். அத எவன் படிக்கப்போறான்? நீ வாயத் தொறந்தா, இத்தன வருஷமும் இவ கண்ண மூடிட்டு இருந்தான்னுதான் எழுதுவான்." விரிப்பை மடித்தபடி நெருங்கி வந்து அவள் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார். "உன்ன நான் பொய் சொல்லச் சொல்லல. கையெழுத்து போடுன்னுதான் சொல்றேன்."

விடுதி அறையில் தூங்குமூஞ்சிக்குத் தூக்கமே போய்விட்டது.

"சிரிச்சது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"காத்துன்னு சொல்றேன்."

"விளையாடாதடி. எங்கப்பா உசிரோட இருக்கமாட்டாரு. வேணும்னா நான் அப்ப தூங்கிட்டு இருந்தேன்னு சொல்லிடு. யாரா இருந்தாலும் நம்புவாங்க."

வாயாடி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வகுப்பில் மற்றவர்கள் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். வாழ்க என்று எழுதியவர்கள் எல்லாரும் எழுதியதை அழித்துவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். தோளில் பை மாட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். வயசு நாற்பதுக்குள் இருக்கும். வெயிலில் அலைந்து கறுத்த முகம்.

"நீதானேம்மா அந்த வீடியோ பொண்ணு? பயப்படாத. சண்டைக்கு வரல. புகார் குடுத்தது நான்தான்."

அவள் பையை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் மின்சார மீட்டர் பாக்கறவன். வீடு வீடாப் போய் கணக்கு எடுக்கறது. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. பூட்டின வீடு இருக்கும். ரெண்டு தடவ போவேன், மூணு தடவ போவேன். அப்பறம் போன மாசம் என்ன எழுதினேனோ அதையே பாத்து எழுதிடுவேன். எல்லாரும் செய்யறதுதான். அதனால உன் வீடியோ பாத்தப்ப எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. பாதி சிரிக்கறப்பவே நின்னுடுச்சு."

அவர் சாலையைப் பார்த்தார். பேருந்து இன்னும் வரவில்லை.

"எங்கம்மா பூட்டின வீடு இல்லையேம்மா. கட்டில்லதான இருந்தாங்க. எட்டிப் பாத்தா தெரியற எடத்துல."

"எந்தக் கட்டில் சார்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. மே முப்பத்தொண்ணு சாயங்காலம் திடீர்னு மோசமாகி ஐசியூவுக்குக் கொண்டு போனாங்க. மத்தியானம் வரைக்கும் எல்லாம் நார்மல்னு அட்டையில இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அதான், அந்த மத்தியானம் யாராவது எண்ணினாங்களான்னு கேக்கறேன். எண்ணியிருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு சொல்லல. அது எனக்குத் தெரியாது. எண்ணினாங்களா, அவ்ளோதான்."

பிறந்ததிலிருந்து பதில் சொல்லாமல் இருந்தறியாத பெண் அன்று பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒரு பேருந்து வந்தது. ஏறிவிட்டாள். அது அவள் போக வேண்டிய பேருந்து இல்லை.

மே 31 மத்தியானம் பதினோராம் கட்டிலுக்கு இருபது என்று எழுதியது அவள்தான். அந்த அம்மா முகம் நன்றாக நினைவிருந்தது. குனிந்து அட்டையை எடுத்தபோது, "தலைல... கிளிப்பு... கழண்டிருக்கு... பாரு" என்று சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று பேசினார். ஏதோ கூச்ச சுபாவம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அன்று இரவு விடுதியில் அதை அப்படியே நடித்தும் காட்டினாள். எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எப்படித் தோளைத் தூக்கினார் என்று இம்மி பிசகாமல் காட்டினாள். தோழிகள் சிரித்தார்கள். மூச்சு முட்டுகிறவர்தான் அப்படிப் பேசுவார் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது அவர்களில் ஒருத்திக்கும் நினைவுக்கு வரவில்லை. அத்தனை பேரும் அந்தப் பாடத்தில் தேறியவர்கள். எண்ண வேண்டிய கண் எண்ணவில்லை. நடிக்கிற கண் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தது. இதை யாரிடம் சொல்வது?

வீட்டில் அம்மா குண்டூசிகளை எடுத்து மெஷின்மேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சா போய்டுவ? நீ சொன்னது எல்லாம் நெசம்னு எந்தக் காலத்துல நாங்க நம்பினோம்?"

"இது நெசம்மா."

"இருக்கட்டும். மூணு வருஷம் உங்கப்பா லிப்ட் குழிக்குள்ள எறங்கி ஏறினதும் நெசம்தான்."

அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "லிப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கறவங்க கதவப் போட்டு இடிப்பாங்க. இடிக்காதீங்க, அசையாம இருங்க, வெளிய நான் இருக்கேன்னு கத்துவேன்" என்றார்.

"இப்ப வெளிய யாருப்பா இருக்கா?"

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

ஜூலை 9. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் பிரின்சிபால், ஓரத்தில் கவுன்சிலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். தட்டச்சு செய்த தாளை அவள் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்தாள். அதன்மேல் தன் கையால் எழுதிய ஒரு பக்கத்தை வைத்தாள். பல நாள் யோசித்து, யாரையும் காட்டிக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல், நடுவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மே 31 பிற்பகல் இரண்டு மணிக்குப் பதினோராம் கட்டில் நோயாளியின் மூச்சை நான் எண்ணாமல் இருபது என்று எழுதினேன். வேறு நாட்களிலும் பலமுறை அவ்வாறு எழுதியிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

கவுன்சில் பெரியவர் இரண்டு முறை படித்தார். "மத்தவங்க யாரும் இப்படி எழுதறதில்லயா?"

"என்னப் பத்தி மட்டும்தான் சார் சொல்லுவேன்."

"யாராவது உன்ன இப்படி எழுதச் சொன்னாங்களா?"

வார்டு சிஸ்டர் எழுதச் சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. "இல்ல சார்" என்றாள்.

பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு வாரமாக அந்த முகத்தில் இல்லாத நிம்மதி இப்போது இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லையே, இவருக்கு எதற்கு நிம்மதி என்று வாயாடிக்கு அப்போது விளங்கவில்லை.

ஆகஸ்ட் 2 அன்று வந்த உத்தரவில் விளங்கியது. எண்ணாமல் எழுதுவது வார்டின் வழக்கம் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அது இந்த மாணவி ஒருத்தியின் தனிப்பட்ட ஒழுங்கீனம். அவளே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். தன் குற்றத்தைத் தொழில் முழுவதன் மேலும் ஏற்றிக் காணொளி வெளியிட்டது இரண்டாவது குற்றம். கல்லூரியிலிருந்து நீக்கம், ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தச் செவிலியர் கல்லூரியிலும் சேரத் தடை. குற்றவாளி கண்டறியப்பட்டுவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. அவள் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிய அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் அவள் மட்டும் நின்றாள்.

செப்டம்பரில் மற்றவர்கள் பரீட்சை எழுதினார்கள். மாதக் கடைசியில் வார்டு சிஸ்டர் மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றார். அந்தப் படம் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் வந்தது, அறுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தூங்குமூஞ்சி தேறி, அதே மூன்றாம் மாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். வாயாடி, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில், மருந்துக் கடையில் பில் போட உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டைப் பார்த்து இது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் மட்டும், "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பாள். கடைக்காரர் அவளை அமைதியான பொண்ணு என்று எல்லாரிடமும் சொன்னார். வீட்டில் அப்பா கேட்டும் அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை.

நவம்பரில் ஒருநாள் மீட்டர்காரர் வீடு தேடி வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"உங்க அம்மாவுக்கு எழுதினது நான்தான் சார்" என்றாள் வாயாடி. ஐந்து மாதம் தாமதமான பதில்.

"தெரியும். எனக்கு வந்த கடுதாசில உன் பேரப் போட்டிருந்தாங்க. உன்மேல கோவப்படறதா, யார்மேல கோவப்படறதான்னு தெரியாமலே மூணு மாசம் போச்சு." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "போன வாரம் எங்க பெரியம்மாவ அதே வார்டுல சேத்தோம். அட்டையப் பாத்தேன். இருபது. பக்கத்துக் கட்டிலயும் பாத்தேன். இருபது. அதுக்குப் பக்கத்துலயும். நீதான் வெளிய வந்துட்டியே, இத யாரும்மா எழுதறா?"

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"நீ ஒருத்தியே எல்லாத்தையும் சொமந்துட்டு வந்துட்ட. அவங்களுக்கு வசதியாப் போச்சு. எனக்கு என்ன ஆச்சுன்னு பாத்தியா? கேள்வி கேக்க எடமே இல்லாம ஆச்சு."

கிளம்பும்போது வாசலில் நின்றார். "எங்கம்மா உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?"

அந்தக் குரல் அவள் தொண்டையில் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் போதும், அவர் அம்மாவே பேசியிருப்பார். "தலைல கிளிப்பு கழண்டிருக்கு பாருன்னு சொன்னாங்க" என்று, தன் குரலில், இடையில் எங்கும் நிறுத்தாமல் சொன்னாள்.

"அப்படித்தான். யார் தலையாவது கலைஞ்சிருந்தா அவங்களுக்குப் பொறுக்காது" என்றார் அவர். போய்விட்டார்.

நவம்பர் 25 அன்று அவள் கவுன்சிலுக்கு எழுதினாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. முதல் வருஷம் எண்ணியது, படமா ஓடுது என்று கேட்டது, முப்பத்திரண்டு கட்டில், இரண்டு நர்ஸ், அட்டைகளை எடுத்துப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம் என்பது, எல்லாம். தண்டனையைக் குறைக்கக் கேட்கவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் தூங்குமூஞ்சி போன் செய்தாள். விடுதியை விட்டு வந்தபின் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"நீ எழுதினது எங்களுக்கெல்லாம் வந்துச்சுடி. இப்படி ஒரு வழக்கம் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. எல்லாரும் இல்லன்னு கையெழுத்து போட்டுட்டோம்."

"நீயும் போட்டியா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வேலைக்கு வந்து நாலு மாசம்கூட ஆகல. எங்கப்பா..." அந்தப் பேச்சை விட்டுவிட்டு இவள்மேல் பாய்ந்தாள். "நீ ஏண்டி அப்பவே எல்லார் பேரையும் சொல்லித் தொலைக்கல? அப்ப சொல்லியிருந்தா எல்லாரும் சேந்து மாட்டியிருப்போம். இப்ப என்னால தனியா வர முடியாது."

"தூங்கு, போ" என்றாள் வாயாடி. கோபமாகச் சொல்லவில்லை.

கவுன்சிலின் பதில் ஒரே பக்கம். மனுதாரரின் இப்போதைய கூற்று, விசாரணையில் அவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துக்கு முரணாக உள்ளது. வார்டில் பணிபுரிவோர் அனைவரும் அதை மறுத்துள்ளனர். தண்டனை பெற்ற மனக்கசப்பில் எழுதப்பட்டதாகவே இதைக் கருத வேண்டியுள்ளது. உத்தரவில் மாற்றம் இல்லை. இது தொடர்பாக இனி வரும் கடிதங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா.

பதிவுத் தபாலில் அது வந்தபோது அவள் மருந்துக் கடையில் இருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அம்மா. வாங்கிய தேதி: 2025 மார்ச் 17.